முதிராதது என்று எழுதினேன்

என் இடது கன்னம் இன்னும் எரிகிறது. இன்று மதியம் எங்கள் கருத்தரிப்பு மையத்தில், மூன்றாம் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெண் என்னை ஓங்கி அறைந்துவிட்டாள். மயக்கம் முழுதாகத் தெளியாத கைதான். இருந்தாலும் நல்ல அடி. நர்ஸ் ஓடிவந்து என் தாடையைத் திருப்பிப் பார்த்து, "அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு மேடம்" என்றாள். கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் போய் எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். உன் கையாக இருந்திருந்தால் நாலரைதான் பதிந்திருக்கும் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

அவள் ஏன் அறைந்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது மூன்று முறை சந்தர்ப்பம் கிடைத்தும் சொல்லாமல் விழுங்கியது. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போது எழுதி என்னடி பிரயோஜனம் என்று கேட்பாய். கெட்ட வார்த்தை ஒன்றையும் சேர்த்துத்தான் கேட்பாய். கேள், வாங்கிக்கொள்கிறேன்.

உன்னை முதன்முதலில் பார்த்தபோதே உன் கையில் ரத்தம் இருந்தது. சிப்காட் பக்கத்துப் பெண்கள் விடுதியில் நான் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்துக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஓசூர்க் குளிரும் பிடிக்கவில்லை, விடுதிச் சாம்பாரின் இனிப்பும் பிடிக்கவில்லை. அழுதுகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கினாய். வலது கையில் பெரிய கட்டு. அதில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. பதறிப்போய் என்னவென்று கேட்டேன். "பிரஸ்ல வெரல் பூடுச்சு" என்றாய், பஸ் போய்விட்டது என்று சொல்வது போல.

தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான் இருக்குமாம். இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று உங்கள் சூப்பர்வைசர் ஒரு பொத்தானை அழுத்தி, அதன் மேல் டேப் ஒட்டிவிட்டான். அன்றைக்கு உன் ஆள்காட்டி விரலில் பாதி உள்ளே போய்விட்டது. வண்டி வருவதற்குள் நீ விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவன் மேசைக்குப் போனாய். விபத்துப் பதிவேட்டில் அவன் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தாய். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தான். இடது கையால் அவன் மூக்கிலேயே ஒரு குத்து விட்டாய். அவன் மூக்கு ரத்தமும் உன் விரல் ரத்தமும் ஒரே பதிவேட்டில் சொட்டியதை நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

"வெரல் போன கோவத்துல அடிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"வெரலுக்கு இல்லடி. டேப் ஒட்டனது நான்தாம்மா, தப்பாயிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உட்டிருப்பேன். வெரலையும் தின்னுட்டு, அது என் தப்புன்னு பேப்பர்ல வேற எழுதிக்கினு இருக்கான் பாரு. அதுக்குத்தான் குத்தனேன்."

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்த இரண்டு வருடமும் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

நாட்றாம்பாளையத்து மலைக்காட்டில், ராகிக் கொல்லையில் இறங்கும் பன்றிகளைக் கல்லால் அடித்து விரட்டி வளர்ந்தவள் நீ. உனக்குப் பேச்சும் கையும் ஒரே நேரத்தில் கிளம்பும். டவுன் பஸ்ஸில் என் இடுப்பில் கை வைத்தவனை எவர்சில்வர் டிபன் பாக்ஸால் அடித்து, மூடி நெளிந்துவிட்டது என்று அவனையே திட்டினாய். நான் ஏட்டி வேண்டாம், ஏட்டி வேண்டாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தபோது, "உன் ஏட்டி கீட்டியெல்லாம் உங்க ஊர்ல வெச்சிக்கோ, பாய் முச்சு" என்றாய். கன்னடத்தில் வாயை மூடு என்று அர்த்தம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. உன்னோடு பதினைந்து வருடம் பழகி நான் கற்ற கன்னடம் அவ்வளவுதான்.

பிறகு நான் கருவியல் படித்து, ரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டு இந்த மையத்தின் லேபுக்கு வந்தேன். நீ இன்னொரு கம்பெனியில் சேர்ந்து, அங்கே பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவனைக் கட்டிக்கொண்டாய். ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆரம்பத்தில் மரியாதையாகத்தான் பேசினான். குழந்தை இல்லாமல் ஏழு வருடம் போனதும் அவனுடைய கையும் பேச ஆரம்பித்தது. நீ ஒன்று வாங்கினால் ஒன்றரை கொடுத்தாய் என்பது உண்மை. ஆனால் அவன் கை பெரியது. உனக்கு நாற்பத்தொன்று ஆனபோது எங்கள் மையத்துக்கு வந்து, "எனக்கு ஒண்ணு பெத்துக் குடுடி" என்று என்னிடம் கேட்டாய். உன் வாழ்க்கையில் நீ யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு மத்தியானம் உன்னை லேபுக்கு வெளியே உட்கார வைத்துப் பழைய படங்களைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? முட்டை என்றால் ஒரு உருண்டை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அது தனியாக இருப்பதில்லை என்று காட்டினேன். அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான பொடிச் செல்கள் அப்பியிருக்கும். முட்டைக்குச் சர்க்கரையைத் தானாகச் செரித்துக்கொள்ளத் தெரியாது. சுற்றியிருக்கும் செல்கள்தான் அதை உடைத்துப் பக்குவப்படுத்தி, முட்டையின் தோலுக்குள் நூல் போன்ற கைகளை நீட்டி ஊட்டுகின்றன. ஆடு, மாடு, எலி, மனுஷி எல்லோருக்கும் அப்படித்தான். தாய்க்கு வயது ஏற ஏற அந்தக் கைகள் குறைகின்றன. செல்களுக்குத் தெம்பு போகிறது. சில தாமாகவே செத்து உதிர்கின்றன. சின்ன வயதுப் பெண்ணின் முட்டையைச் சுற்றி அவை பஞ்சாக விரிந்து நிற்கும். நாற்பதைத் தாண்டியவளுக்குத் திட்டுத்திட்டாக இறுகி ஒட்டியிருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

நீ இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாய். "அப்ப முட்டைக்கு வயசாவறதுக்கு முன்ன, அதுக்குச் சோறு ஊட்டறவளுக்கு வயசாயிடுதுன்னு சொல்லு" என்றாய்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். ரெண்டுக்குமே ஆகும்."

"அவளையும் சேத்துத்தான் கருவாக்குவியா?"

இல்லை, உரித்து எடுத்துவிடுவேன் என்றேன். ஊசியால் விந்தணுவை உள்ளே செலுத்த வேண்டுமென்றால் முட்டை தெளிவாகத் தெரிய வேண்டும். முதலில் ஒரு மருந்துத் துளியில் அரை நிமிடம் விட்டு இளக்குவோம். அப்புறம் மெல்லிய குழாயால் உறிஞ்சி, வெளியே தள்ளி, உறிஞ்சி, தள்ளி, செல்களைக் கழற்றுவோம். முதலில் அகலக் குழாய், அடுத்துக் குறுகியது. உரித்ததைக் கொட்டிவிடுவோம். "சோறு ஊட்டனவள கொட்டிடறியா, பாவி" என்று என் முதுகில் ஒன்று வைத்தாய். வலித்தது. உன் செல்லமும் வலிக்கும்.

முட்டை எடுக்கும் நாள் காலையில் நீ வந்தபோது உன் வலது கண் மூடியிருந்தது. கீழுதடு கிழிந்திருந்தது. முட்டை வளரப் போட்ட பத்து நாள் ஊசியில் வீங்கிய வயிற்றைப் பார்த்து, ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த உன் மாமியார் ஏதோ சொல்ல, நீ திருப்பிச் சொல்ல, அவன் அடிதடியில் இறங்கிவிட்டான். ஒப்புதல் படிவத்தில் அவன் கையெழுத்துப் போட்டபோது அவனுடைய விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். "பாத்ரூம்ல வுழுந்துட்டாங்க மேடம்" என்றான். நீ கிழிந்த உதட்டோடு, "ஆமா, அவன் கை மேலயே போயி வுழுந்தேன்" என்றாய். டாக்டரம்மா தள்ளிப்போடலாமா என்று கேட்டதற்கு, முட்டை நிற்குமா என்று நீ திருப்பிக் கேட்டாய். நிற்காது. எடுத்தாக வேண்டியிருந்தது.

மூன்று முட்டை வந்தது. அன்றைக்கு என்னோடு வேலை செய்கிறவள் விடுப்பு. லேபில் நான் ஒருத்திதான். உன்னுடையதை நான் தொட்டிருக்கக் கூடாது. சொந்தக்காரருக்கு டாக்டர்கள் கத்தி வைக்க மாட்டார்கள் அல்லவா, அது மாதிரி. ஆனால் வெளியிலிருந்து யாரையாவது வரவழைத்து உன் முட்டைகளைத் தொடவிட எனக்கு மனசு வரவில்லை. அவற்றைச் சுற்றியிருந்த செல்கள் நான் உனக்குப் படத்தில் காட்டிய மாதிரியே, கருத்து, இறுகி, விடமாட்டேன் என்று பிடித்திருந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் கண், உன் உதடு, அவனுடைய உரிந்த முட்டி. யாரையாவது அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. மைக்ராஸ்கோப்பில் கண் இருந்தது, மனசெல்லாம் அவன் கழுத்தில் இருந்தது. மருந்தில் இளக்கியாயிற்று, அகலக் குழாயில் இரண்டு தடவை உறிஞ்சித் தள்ளினேன், போகவில்லை. பொறுமையாகப் பத்துத் தடவை செய்திருக்க வேண்டும். நான் நேராகக் குறுகிய குழாயை எடுத்தேன். வேகமாக உறிஞ்சினேன். செல்கள் ஒரு பக்கம் கழன்றன. முட்டையின் ஓரத்தில் ஒரு குட்டி உருண்டை தெரிந்தது. அது தெரிந்தால் முட்டை முதிர்ந்துவிட்டது, கருவாகத் தயார் என்று அர்த்தம். பார்த்தேன். சந்தோஷத்தில் இன்னொரு முறை இழுத்தேன். குழாயின் வாயில் முட்டை நெரிந்து, நீண்டு, உடைந்தது.

பயந்துபோனேன். பயத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். சரிசெய்துவிடலாம் என்று அதே குழாயோடு அடுத்ததைத் தொட்டேன். அது முதிர்ந்ததா என்று பார்ப்பதற்கு முன்பே போய்விட்டது. மூன்றாவதுக்குத்தான் எழுந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிவிட்டு உட்கார்ந்தேன். அதை ஒழுங்காக உரித்தேன். அது கருவாகி, மூன்றாம் நாள் வளராமல் நின்றது.

லேப் அறிக்கையில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இங்கிலீஷில், என் அழகான கையெழுத்தில் எழுதினேன். முதல் இரண்டும் முதிராதவை, சிதைந்தவை. தாயின் வயது காரணமாகச் சுற்றுச் செல்களில் குறைபாடு. சிதைந்தவை என்று எழுதினேன். சிதைத்தவள் யார் என்று எழுதவில்லை. உன் விரலைத் தின்றுவிட்டு உன் கவனக்குறைவு என்று எழுதினானே ஒருவன், அவனுக்கு நான் எந்த விதத்தில் குறைந்துபோனேன்? அவனுக்காவது உன்னோடு பதினைந்து வருடப் பழக்கம் கிடையாது.

உன்னிடம் வந்து, "வயசுதாண்டி காரணம்" என்றேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். தலையை ஆட்டினாய். "உன் கையிலயே ஆவலன்னா யார் கையிலயும் ஆவாது" என்றாய். அது முதல் சந்தர்ப்பம்.

அந்தக் காகிதம் உன் புருஷன் கைக்குப் போனது. நோயாளியிடம் அறிக்கையைக் கொடுப்பதுதான் முறை. நீ அதைப் பீரோவில் வைத்தாய். அவன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அடுத்த மாதம் அவன் ஊரில் பஞ்சாயத்து வைத்தார்கள். இரண்டாம் கல்யாணத்துக்கு ஊர் சம்மதம் வேண்டுமாம். சட்டம் என்ன சொல்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "நீ படிச்சவ, எடுத்துச் சொல்லு" என்றாய்.

பால் சொசைட்டிக் கட்டடத்தில் காலையில் பால் ஊற்றி முடிந்ததும் கூடினார்கள். ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் எழுத்தைப் படித்தார். "முத்தலன்னு எழுதியிருக்கு. கெட்டுப்போச்சுன்னும் எழுதியிருக்கு. வயசுதான் காரணமாம். லேப்லயே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

உன் மாமியார் எழுந்தார். "நான் சொன்னா மாமியாக்காரி பேச்சும்பீங்க. இப்ப பேப்பர்லயே வந்திடுச்சு. கூமுட்டைய வெச்சிக்கினு எம்மவன இத்தினி வருசமா அடகாக்க வெச்சிட்டாளே!"

கூட்டம் சிரித்தது. நீ என்னைப் பார்த்தாய். அது இரண்டாவது சந்தர்ப்பம். எழுந்து நின்றேன். உடைத்தது நான் என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாகப் பாடம் நடத்தினேன். குறை முட்டையில் மட்டும் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் செல்களில் இருக்கிறது, அவைதான் முட்டைக்கு உணவு தருகின்றன, வயதாகும்போது அவை தளர்ந்துபோகின்றன, அது அவள் தப்பில்லை என்று உனக்குச் சொன்னதையெல்லாம் அவர்களுக்கும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர் ஒருவர், "அந்தச் சுத்தி இருக்கறது யாருதும்மா? எங்க பையனுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அவளோடதுதான்."

"அப்ப உள்ள இருக்கறதும் கெட்டது, சுத்தி இருக்கறதும் கெட்டதுன்னு சொல்ற. அதத்தான நாங்களும் சொல்றோம்."

மறுபடியும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் நீ பால் அளக்கும் லிட்டரை எடுத்து எறிந்தாய். அது உன் புருஷன் நெற்றியில் பட்டுப் புருவத்தைப் பிளந்தது. அவன் உன் முடியைப் பிடித்தான். நீ அவன் கையைக் கடித்தாய். நான்கு பேர் பிரித்தார்கள். அதில் இரண்டு பேர் உன்னைப் பிரிக்கிற சாக்கில் உன்னை அடித்தார்கள். நானும் ஒருத்தன் முதுகில் குத்தினேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக. எனக்கு அது எளிதாக இருந்தது. வாயைத் திறப்பதுதான் முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம். மத்தூர் தாண்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். "எதையோ முழுங்கிக்கினு இருக்க. என்னான்னு சொல்லு" என்றாய்.

"ஒண்ணுமில்ல."

"என்னா இருந்தாலும் சொல்லுடி. அடிக்க மாட்டேன்."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேம்லா."

அது மூன்றாவது. நீ அடிக்க மாட்டேன் என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடிப்பேன் என்று சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கிருஷ்ணகிரி வரைக்கும் நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். உன் உச்சந்தலையில் முடி பிடுங்கப்பட்ட இடம் சிவந்திருந்தது. ஊர் முழுக்க உன் பெயர் கூமுட்டை ஆகிவிட்டிருந்தது. அந்தப் பெயரை வைத்தது உன் மாமியார் என்று நீ நினைத்துக்கொண்டே தூங்கினாய்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கம்பெனிகளில் ஷிப்ட் மாறும் நேரம், உன் பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் செய்தார். இரண்டாம் கல்யாணத்துக்கான சம்மதக் கடிதத்தில் உன் கையெழுத்து வாங்க அவன் வந்திருக்கிறான். நீ கிழித்து அவன் முகத்தில் போட்டிருக்கிறாய். அவனுடைய வேலைப் பையில் பைப் திருகும் பெரிய ஸ்பேனர் இருந்திருக்கிறது. நான் போனபோது வாசல் படியில் போலீஸ் அவனை உட்கார வைத்திருந்தது. அவன் என்னைப் பார்த்து, "நீங்கதான மேடம் எழுதிக் குடுத்தீங்க, ஒண்ணும் ஆவாதுன்னு" என்றான். அவன் மேல் பாய்ந்தேன். ஒரு பெண் போலீஸ் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

உன்னை ஓசூரில் பார்க்க முடியாது, பெங்களூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அத்திப்பள்ளியில் கம்பெனி பஸ்களும் லாரிகளும் பாலத்துக்கு அடியில் அடைத்துக்கொண்டு நின்றன. ஆம்புலன்ஸ் டிரைவர் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கத்தினார். ஒரு லாரியும் நகரவில்லை. உன் கை என் கையில் இருந்தது. நாலரை விரல். சொல்லிவிடலாம் என்று உன் காதருகே குனிந்தேன். உனக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகுதான் குனிந்தேன் என்பதை நீ கவனித்துக்கொள். அப்போதும் சொல்லவில்லை. வழி திறந்தபோது நீ இல்லை.

அவன்தான் கொன்றான். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. என் காகிதம் இல்லாமலும் அவன் கை ஓங்கியிருக்கும், உன் காலத்தில் எத்தனை தடவை ஓங்கியது என்று எனக்குத் தெரியும். அவனுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். ஆனால் செத்த பிறகும் உன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெயர் அவன் வைத்ததில்லை. அது நான் எழுதியது.

போன வாரம் அவனுடைய வக்கீல் போன் செய்தார். வழக்குக் கிருஷ்ணகிரி கோர்ட்டில் நடக்கிறது. குழந்தை பிறக்க வழியே இல்லாத பெண், அந்த ஆத்திரத்தில் தினமும் புருஷனைச் சீண்டினாள், அன்றைக்கு அவள்தான் ஆரம்பித்தாள் என்று அவர்கள் பேசப்போகிறார்கள். அதற்கு என் அறிக்கை வேண்டும். "ரெண்டு நிமிஷ வேலைதாங்க மேடம். இது உங்க கையெழுத்தான்னு கேப்பேன். ஆமான்னுட்டு எறங்கிடலாம்" என்றார். சம்மன் வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை. ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். வேலை போய்விடும், லேபின் பெயர் கெடும், இனிமேல் சொல்லி யாருக்கு என்ன என்று எனக்கு நானே ஏகப்பட்ட சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். நேற்று வரைக்கும்.

இன்று வந்தவள் சூளகிரிப் பக்கம். உன் வயதுதான். ஆறு முட்டை. அதே மாதிரி இறுகிப்போன செல்கள். உன்னை இழந்த பிறகு நான் அவசரப்படுவதே இல்லை. எண்ணி எண்ணி, நிறுத்தி நிறுத்தித்தான் உரிக்கிறேன். கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று செல்களைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிடுகிறேன். ஊசி இறங்குகிற இடம் தெரிந்தால் போதும். அவ்வளவு பார்த்தும் முதல் முட்டை உடைந்துவிட்டது. கை நடுங்கவில்லை. கோபம் இல்லை. சும்மா உடைந்தது.

குறிப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனா தானாகவே முதிராதது என்று எழுதத் தெரிந்து வைத்திருந்தது. வயது இருக்கவே இருக்கிறது. யார் கேட்கப்போகிறார்கள்? அப்போது உன் சூப்பர்வைசரின் மூக்கு ஞாபகம் வந்தது. என் கையால் உடைந்தது என்று எழுதினேன். மீதி ஐந்தையும் இன்குபேட்டரில் பத்திரமாக வைத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு மூன்றாம் கட்டிலுக்குப் போய், அவள் பக்கத்தில் குனிந்து, "ஒரு முட்டை என் கையால உடைஞ்சிடுச்சும்மா. உங்க மேல தப்பில்ல. நான்தான் உடைச்சேன்" என்றேன்.

அப்போதுதான் அறைந்தாள்.

உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன் என்பது உன் சட்டம். எல்லோருக்கும் அது பொருந்தாது போல. டாக்டரம்மா ஓடிவந்து, மன்னிப்புக் கேட்டு, மீதியை வேறு ஆளை வைத்துச் செய்கிறோம் என்றார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "மிச்சம் எத்தினி இருக்கு?" என்றாள்.

"அஞ்சும்மா."

"இவுங்களே பண்ணட்டும்" என்றாள். "ஒடைஞ்சா வந்து சொல்றாங்க இல்ல."

உள்ளே போய் ஐந்தையும் செய்தேன். ஒன்றும் உடையவில்லை. கருவாகுமா என்று நாளைக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் சம்மனை எடுத்து மேசை மேல் வைத்தேன். கோர்ட்டுக்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீ மன்னிக்கிற ஆள் இல்லை. நீ அடிக்கிற ஆள்.

வியாழக்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறுவேன். கீழே உன் மாமியார் இருப்பார், அவன் இருப்பான், அந்த ஊர்க்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள். வக்கீல் காகிதத்தை நீட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்பார். ஆமாம், கையெழுத்து என்னுடையது, எழுதியிருப்பது பொய் என்பேன். பதறிப்போய் இறங்கச் சொல்வார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன், நீ பால் சொசைட்டியில் நின்ற மாதிரி. அவளுடைய முதல் முட்டை முதிர்ந்திருந்தது, நல்ல முட்டை, உலகத்திலேயே அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், உடைத்தவளும் நான்தான் என்று, கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.